நள்ளிரவில் எந்தக் கதவைத் தட்டுவது?

வீடு பற்றி எரிகிறது. தீயணைக்கும் வண்டி மணியடித்துக்கொண்டு வருகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்கிறார். 108-க்குச் சொல்கிறோம், வண்டி வந்து நிற்கிறது. தெருவோரத்தில் அநாதைப் பிணம் கிடக்கிறது. அதை எடுத்து அடக்கம் செய்யவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இவையெல்லாம் வேண்டும், இருப்பது குறித்து மகிழ்ச்சியே. ஆனால், எரிவது வீடாக இல்லாமல் மனமாக இருந்துவிட்டால் யார் வருவார்? எந்த மணி அடிக்கும்? நள்ளிரவில் எந்தக் கதவைத் தட்டுவது?

இந்தக் கேள்வியை வடசென்னையின் பெயரால் இன்று கேட்கிறோம். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் புகைபோக்கிகளையும் பார்த்தபடி வாழும் உழைக்கும் மக்களின் பெயரால் கேட்கிறோம்.

திருவொற்றியூரில் ஏதோ ஒரு சந்து என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று இரவுகளாக அவன் உறங்கவில்லை. சுவருக்குள்ளே யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறான். சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு கடற்பக்கம் ஓடுகிறான். தம்பிமார் இருவர் ஓடிப்பிடித்து இழுத்து வருகிறார்கள். மனைவி நடுங்கி நிற்கிறாள். ஆட்டோக்காரர் வருகிறார், பார்க்கிறார், "தப்பா நினைக்காதீங்க அக்கா, வழியில எதுனா ஆச்சுன்னா என்னால முடியாது" என்று திரும்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. காவல் நிலையத்துக்கு ஓடினால், "யாரையாவது அடிச்சிட்டாரா? இல்லையே? அப்ப நாங்க என்னம்மா பண்றது?" என்ற கேள்வி வருகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், "விடியட்டும், தாயத்து கட்டலாம்" என்கிறார். விடிகிற வரையில்? விடிகிற வரையில் கயிறுதான்! கட்டிலின் காலில் அவன் கட்டப்படுகிறான். கட்டியவர்கள் கொடியவர்களா? இல்லை, அவன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். கட்டிவிட்டு அழுகிறார்கள்.

இது ஒரு வீட்டின் கதையல்ல. நம்மில் பலர் கண்ட கதை. கண்டும் வெளியே சொல்லாத கதை.

"கீழ்ப்பாக்கம் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வாலண்டைன் கானலி என்ற மருத்துவரின் பொறுப்பில் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துத் தோட்டத்துக்கு இடம் மாறிய நிலையம் அது. மதில் சூழ்ந்த அந்த இடத்தை 1961-இல் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்று, நோயாளி ஒரு கைதி அல்லன் என்ற எண்ணத்தை ஊன்ற உழைத்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். அவர் முயற்சியால் 1984-இல் ஸ்கார்ஃப் எழுந்தது. தற்கொலையைத் தடுக்க 1986-இல் சிநேகா பிறந்தது. வீடின்றி அலையும் பெண்களுக்காக 1993-இல் பேனியன் பிறந்தது. மூன்றும் பிறந்தது இதே சென்னையில்! நாட்டுக்கே வழிகாட்டிய நகரம் நம் நகரம்.

அந்த நகரத்தில், எண்ணூர்க்காரருக்குக் கீழ்ப்பாக்கம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் அந்தத் தொலைவு என்ன என்பதை, அந்தச் சாலையில் போனவரைக் கேட்டால் தெரியும். கட்டுக்கடங்காமல் துடிக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு போகவேண்டுமென்றால் எப்படி இருக்கும் என்பதை விளக்கவும் வேண்டுமா?

தொலைவு கிலோமீட்டரில் மட்டும் இல்லை. "கீழ்ப்பாக்கம் கேஸு" என்பது நம் ஊரில் ஒரு கேலிச்சொல். ஆண்டாண்டு காலமாய் நோய் தீர்க்கும் ஓர் இடத்தின் பெயரையே வசைமொழியாக்கி வைத்திருக்கிறோம். நகைச்சுவை என்று மேடையிலும் திரையிலும் சொல்லி, கைதட்டியும் இருக்கிறோம். அந்தக் கைதட்டலின் விலை என்ன? மகளுக்கு வரன் தேடும் தாய், மகனின் நோயை மறைக்கிறாள். வேலை போய்விடுமோ என்று தொழிலாளி தன் உறக்கமின்மையை மறைக்கிறான். முற்றிய பிறகே மருத்துவர் பார்க்க நேர்கிறது. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நாடெங்கும் எடுத்த கணக்கின்படி, மனநோய் கண்டவர்களில் நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருந்தனர். நூறு பேருக்கு எலும்பு முறிந்து எழுபது பேர் கட்டுப்போடாமல் கிடந்தால் இந்த நாடு பொறுத்துக்கொள்ளுமா?

பொறுத்துக்கொண்டதன் விளைவை ஒருமுறை பார்த்தோம். 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை அவர்களால், காலில் சங்கிலி! 28 உயிர்கள் கருகின. நாடே பதறியது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, விசாரணைகள் நடந்தன, கொட்டகைகள் மூடப்பட்டன. நன்று. ஆனால் அந்த 28 பேரும் ஏன் ஏர்வாடிக்குப் போனார்கள்? தங்கள் ஊரில், தங்கள் தெருவுக்குப் பக்கத்தில், தட்டினால் திறக்கும் ஒரு கதவு இல்லாததால் போனார்கள். கதவில்லாத ஊர்தான் சங்கிலியைச் செய்கிறது. அன்று ஏர்வாடியில் இரும்புச் சங்கிலி; இன்று நம் சந்தில் நைலான் கயிறு. வேறுபாடு எடையில்தான்!

சட்டம் இல்லையா? நல்ல சட்டம் இருக்கிறது. 2017-இல் நாடாளுமன்றம் இயற்றி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிப்பவர் வியந்துபோவார். மனநல சிகிச்சை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது அதன் 18-ஆம் பிரிவு. அதற்காக யாரும் நெடுந்தொலைவு அலைய நேரக்கூடாது, வாழும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்கவேண்டும் என்றும் சொல்கிறது. யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்கிறது 95-ஆம் பிரிவு. தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் அலைபவரைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்கவேண்டும், கொட்டடியில் அடைக்கக்கூடாது என்கிறது 100-ஆம் பிரிவு.

எல்லாவற்றிலும் முக்கியமானது 94-ஆம் பிரிவு. நெருக்கடி நேரத்தில், உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு வரும் நிலையில், பதிவுபெற்ற மருத்துவர் எவரும், மனநல நிபுணராக இல்லாதவரும்கூட, 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம் என்கிறது. உறவினரோ நியமனப் பிரதிநிதியோ உடனிருந்தால் அவர்தம் ஒப்புதலைக் கேட்கவேண்டும்; அவ்வளவுதான். இதன் பொருள் என்ன? நம் தெருமுனையில் இருக்கும் மாநகராட்சி மருத்துவருக்கே அந்த முதல் ஊசியைப் போட, அந்த முதல் இரவைக் காக்க, சட்டம் கை கொடுத்திருக்கிறது என்பதுதான். நிபுணர் இல்லை, ஆகவே கதவைத் திறக்கவில்லை என்ற சாக்குக்கு இடமே இல்லை!

சட்டத்தின் கதவு திறந்திருக்கிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலானவற்றின் கதவோ பொழுது சாய்ந்தால் பூட்டிக்கொள்கிறது. பித்தும் பீதியும் அலுவலக நேரம் பார்த்தா வரும்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நாம் வரவில்லை. மாநிலத்துக்கென மனநலக் கொள்கை 2019-இல் வந்தது. 2022 அக்டோபரில் 14416 என்ற தொலைபேசி எண் வந்தது. இரவும் பகலும் அழைக்கலாம், கட்டணமில்லை. வாசகர்கள் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கவேண்டும் என்றே சொல்வோம். தனிமையில் தவிக்கும் ஒருவருக்கு மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்பது சிறிய உதவியல்ல. ஆனால் குரல் கைப்பிடித்து அழைத்துப் போகாது. கடலை நோக்கி ஓடுகிறவன் தொலைபேசியை எடுத்துப் பேசமாட்டான். சொல்லுக்குப் பின்னால் ஆள் வேண்டும். ஆளுக்குப் பின்னால் வண்டி வேண்டும். வண்டி போய் நிற்க, அருகிலே ஒரு கட்டில் வேண்டும். இந்த மூன்றும் உள்ளூரில் இருக்கவேண்டியவை. தில்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அனுப்ப முடியாதவை. இங்கேதான் மாநகராட்சியைப் பார்த்துக் கைநீட்டுகிறோம்.

நெருக்கடி என்பது ஏதோ அபூர்வமான ஒன்று என்றும் எண்ணவேண்டாம். நாள்தோறும் குடித்து வந்தவர் கையில் காசில்லாமலோ, காய்ச்சலில் படுத்தோ, திடீரென்று குடியை நிறுத்துகிறார். இரண்டு மூன்று நாளில் கை நடுங்குகிறது, வலிப்பு வருகிறது, இல்லாத பூச்சிகள் உடலில் ஊர்வதாகக் கத்துகிறார். பேய் பிடித்தது என்கிறது தெரு. பேயுமில்லை, பிசாசுமில்லை, உடனே மருந்து தராவிட்டால் உயிரையே பறிக்கக்கூடிய மருத்துவ அவசரம் அது. பிள்ளை பெற்று வீடு திரும்பிய இளந்தாய், சில நாட்களில் உறக்கமிழந்து, பெற்ற குழந்தையையே அடையாளம் தெரியாதவள்போல் பார்க்கிறாள். ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் இது நேரும் என்பது உலகம் அறிந்த கணக்கு. வேப்பிலை அடித்தால் தீராது. தக்க சிகிச்சை தந்தால் பெரும்பாலும் முழுமையாகத் தீர்ந்துவிடும். பிள்ளைப்பேற்றுக்கென்றே பெயர்பெற்ற மருத்துவமனை உள்ள இராயபுரத்தில் இதைச் சொல்லவேண்டியிருப்பதே வேதனை.

வடசென்னைக்கு மட்டும் ஏன் இந்தக் குரல் என்று கேட்கலாம். சென்னை நகரம் தன் சுமையையெல்லாம் இறக்கிவைத்த தோள் எது? நகரத்துக்கு விளக்கெரிய அனல் மின்நிலையம் எண்ணூரில். வண்டி ஓட எண்ணெய் ஆலை மணலியில். குப்பை கொட்டக் கொடுங்கையூர். பெரம்பூர் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டபோது ஒரு தலைமுறையின் வாழ்வு சரிந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஒரு நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்களை மூச்சுத்திணற வீதிக்கு ஓட்டியது. வலைக்கும் படகுக்கும் கணக்கெடுத்தார்கள்; எடுக்கவேண்டியதுதான். அந்த இரவுக்குப் பின் உறங்க முடியாமல் போனவர்களைக் கணக்கெடுக்கப் படிவத்தில் ஒரு கட்டமாவது இருந்ததா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலத்தில் காசிமேட்டு வீடுகளில் பெருகுவது கடன் மட்டும்தானா? உழைப்பவன் உடல் தேய்வது கண்ணுக்குத் தெரிகிறது. மனம் தேய்வது தெரிவதில்லை.

"இது மாநில அரசின் பொறுப்பு, மாநகராட்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் சொல்வர். அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையைப் புரட்டட்டும். நகராட்சிகளுக்கென்று அங்கே 18 பணிகள் குறிக்கப்பட்டுள்ளன. பொதுச் சுகாதாரம் அதில் ஒன்று. ஊனமுற்றோர் உள்ளிட்ட நலிந்தவர்களின் நலன் காப்பது மற்றொன்று. தீராத மனநோயும் ஊனத்தின் வகைகளில் ஒன்றே என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொறுப்பு யாருடையது என்பது விளங்கும். 1688-இல் தோன்றி, இந்தியாவிலேயே பழமையானது என்று பெருமை கொள்ளும் மாநகராட்சி, கொசுவுக்கு மருந்தடிப்பதோடு தன் சுகாதாரக் கடமை முடிந்தது என்று சொல்லலாமா?

"முடியாது, ஆளில்லை" என்பர் வேறு சிலர். 2020-ஐ மறந்துவிட்டார்களா? கொரோனா பரவிய அந்தக் கோடையில், சென்னையிலேயே அதிகம் தாக்கப்பட்ட மண்டலம் இராயபுரம். அப்போது இதே மாநகராட்சியின் ஊழியர்கள் என்ன செய்தார்கள்? வெயிலில், முகக்கவசத்தோடு, சந்து சந்தாக, வீடு வீடாகப் போனார்கள். "காய்ச்சல் உண்டா? இருமல் உண்டா?" என்று கேட்டார்கள். படியேறிக் கேட்டவர்களில் பலர் நம் தெருப் பெண்கள். அன்று ஒவ்வொரு கதவையும் தட்டத் தெரிந்த மாநகராட்சிக்கு, இன்று தட்டுகிறவனுக்காக ஒரு கதவைத் திறக்கத் தெரியாதா? தெரியும். மனம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"வெளிநாட்டில் நடக்கலாம், இங்கே நடக்குமா?" என்பது மூன்றாவது முணுமுணுப்பு. நம்மைப்போல் ஒரு துறைமுக ஊரின் கதையைச் சொல்கிறோம். இத்தாலியில் திரியெஸ்தே என்று ஒரு நகரம். கப்பலும் சுமைகூலியுமாக வாழ்ந்த ஊர். அங்கிருந்த பெரிய மனநோய் மருத்துவமனைக்கு 1971-இல் பிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் வந்தார். பூட்டுகளைக் கழற்றினார். 1973-இல் நோயாளிகளும் ஊழியர்களும் சேர்ந்து காகிதக் கூழும் மரமும் கொண்டு ஒரு பெரிய நீலக் குதிரை செய்து, அதை இழுத்துக்கொண்டு மதிலைத் தாண்டி நகருக்குள் ஊர்வலம் போனார்கள். 1978-இல் அந்த நாட்டின் சட்டமே மாறியது. 1980-இல் அந்தப் பழைய மருத்துவமனை மூடப்பட்டது. அதற்கு ஈடாக ஊரின் பகுதிகளிலே சிறுசிறு மனநல நிலையங்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சில கட்டில்கள். இரவும் பகலும் திறந்த கதவு. ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம் மக்களுக்கு இத்தகைய நிலையங்கள் நான்கு. கீழ்ப்பாக்கத்தை மூடு என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். அதன் கிளைகள் நம் தெருவரை படரட்டும் என்றே கேட்கிறோம்.

எனவே நம் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறோம்.

முதலாவது: திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, இராயபுரம் ஆகிய மண்டலங்கள் ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே உள்ள ஒரு மாநகராட்சி மருத்துவமனையில், இரவிலும் திறந்திருக்கும் மனநல நெருக்கடிப் பிரிவு வேண்டும். ஆறு கட்டில் போதும். பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர், பெண்களுக்குத் தனி இடம், உடன் வருபவர் உட்கார ஒரு பெஞ்சு, தொலைபேசியில் நிபுணரின் ஆலோசனை. மாளிகை கேட்கவில்லை நாம்.

இரண்டாவது: அழைத்தால் வாசலுக்கு வர ஒரு வண்டி. அதில் ஒரு செவிலியரும் ஒரு சமூகப் பணியாளரும் வரட்டும். அபாயச் சங்கு ஊதவேண்டாம், தெரு கூடிவிடும். 14416-இல் பேசுகிறவர் "அனுப்புகிறோம், காத்திருங்கள் அம்மா" என்று சொல்லக்கூடிய நிலை வரட்டும். காவல்துறையின் துணை தேவைப்படும்போது வரட்டும். முதலில் தெரிவது காக்கியாக இருக்கவேண்டாம்.

மூன்றாவது: ஒவ்வொரு காவல் நிலையத்திலும் 100-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் எழுதி மாட்டட்டும். இரவுப் பணியில் இருக்கும் காவலருக்கு, எங்கே அழைத்துப் போவது, யாரிடம் ஒப்படைப்பது என்பது தெரிந்திருக்கட்டும். "நாங்க என்னம்மா பண்றது" என்று அவர் கேட்டது அவர் குற்றமன்று. அவருக்கு யாரும் வழி சொல்லவில்லை.

நான்காவது: சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை மறக்கக்கூடாது. திரும்பிய முதல் சில வாரங்களே உயிருக்கு அதிக ஆபத்தானவை என்பதை உலகமெங்கும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2021 ஆகஸ்டு முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை நம் வீடு தேடி வருகிறது. அந்தக் கையே மனநோய்க்கான மாத்திரையையும் தவறாமல் ஏந்தி வரட்டும். "தூங்கினீங்களா தம்பி? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டும் போகட்டும். ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி, மாத்திரை வாங்கப் போகவேண்டும் என்றால், மாத்திரை நிற்கும். மாத்திரை நின்றால் நோய் திரும்பும்.

ஐந்தாவது: இவற்றுக்கென மாநகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கட்டும். பெயரில்லாத பிள்ளைக்குச் சோறு கிடைக்காது. தலைப்பில்லாத பணிக்குப் பணம் கிடைக்காது. 200 வார்டுகளுக்கும் மன்றத்தில் ஆள் உண்டு. விளக்குக் கம்பத்துக்கும் கால்வாய்க்கும் அங்கே எழும் குரல், இதற்கும் எழவேண்டும். எந்தக் கட்சி ஆளும் இருக்கையில் அமர்ந்தாலும் இதைக் கேட்போம். நம்மவரே அமர்ந்தாலும் கேட்போம். நம்மவர் என்றால் இன்னும் உரக்கக் கேட்போம்.

கடைசியாக நமக்கும் ஒரு சொல். ஆட்சியை மட்டும் கேட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. காய்ச்சல் வந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகும் நாம், மனநோய் வந்த வீட்டின் முன் நடையை வேகமாக்குகிறோம். படிப்பகத்திலும் சங்கத்திலும் அந்தத் தோழனுக்கு உட்கார இடம் கொடுப்போம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக, வழக்கு வருமோ என்று அஞ்சுகிறவர்களிடம், அவர் பெருந்துயரில் இருந்தவர் என்றே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது, தண்டிக்க அல்ல என்று எடுத்துச் சொல்வோம். அந்தக் கேலிச்சொல்லை, நம் நாவிலிருந்து முதலில், நீக்குவோம். கிளைதோறும் இரண்டு தோழர்கள், அருகில் உள்ள மருத்துவமனை எது, யாரை அழைப்பது என்று தெரிந்து வைத்திருக்கட்டும். கதவு கட்டப்படும் வரை, தட்டுகிறவனுக்கு நம் கதவாவது திறக்கட்டும்.

இன்றிரவும் திருவொற்றியூரின் ஏதோ ஒரு சந்தில் ஒருவன் உறங்காமல் இருப்பான். அவன் மனைவி கயிற்றைத் தேடுமுன் ஒரு வண்டி வாசலில் வந்து நிற்கவேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான். அதைத் தர முடியாத நகரம், எத்தனை மேம்பாலம் கட்டினாலும், மாநகரம் என்று தன்னை அழைத்துக்கொள்ளக் கூசவேண்டும்.